தாயில்லாப் பிள்ளைக்குத் தாய் தேடிய மேதை
டென்னிஸ் ரிட்சி வாழ்க்கை வரலாறு

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி.

தாம்பரத்தில் அன்று கொட்டிய மழையை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 49 சென்டி மீட்டர்! அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் மொட்டை மாடிக்கு ஏறின. மின்சாரம் போயிற்று. டெலிபோன் போயிற்று. இன்டர்நெட்டும் போயிற்று.

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி மண்டலம், தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி ஆகிய இடங்களில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவர்கள் ஏராளம். அவர்களுடைய கம்பெனி வேலை பெரும்பாலும் மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டரில் நடப்பதில்லை. வேறு எங்கோ உள்ள ஒரு பெரிய கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதற்கு சர்வர் என்று பெயர். அது பெங்களூரில் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம். இங்கே தட்டுவதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு கம்பி.

அந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

இங்கே உத்தியோகஸ்தர் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே, அவர் தொடங்கி வைத்த வேலை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கக்கூடும்! கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. இப்படிப் பெற்றவளை இழந்து ஓடுகிற வேலைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? அனாதை! கேலிக்காக வைத்த பெயர் அல்ல. பாடப் புத்தகங்களிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அனாதைகள் பெருகினால் சர்வர் திணறும். ஒழுங்காக நடக்கும் மற்ற வேலைகளும் கெடும். இவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் செய்து வைத்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் கென் தாம்சன். மற்றவர் டென்னிஸ் ரிட்சி.

ரிட்சியின் கதை இது.

டெலிபோன்காரர் மகன்

டென்னிஸ் ரிட்சி 1941-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, நியூயார்க் மாகாணத்தில் உள்ள பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயரால் விளங்கும் ஆராய்ச்சிக்கூடம் அது.

தந்தையின் வேலை, ஒரு டெலிபோனை இன்னொரு டெலிபோனோடு இணைக்கும் யந்திரங்களைப் பற்றி ஆராய்வது. அதைப் பற்றி வேறு இருவருடன் சேர்ந்து பெரிய புத்தகம் ஒன்றும் எழுதியிருக்கிறார். இணைப்பு கொடுப்பதில் தந்தை நிபுணர். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியது மகன் தலையில் விழுந்தது!

குடும்பம் நியூ ஜெர்சி மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சம்மிட் என்ற ஊரில் ரிட்சி பள்ளிக்கூடம் படித்தார். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1963-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். மேல்படிப்புக்குக் கணிதத்தின் பக்கம் போனார்.

1968-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்தார். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கவில்லை!

காரணம் வேடிக்கையானது. கட்டுரையைப் பைண்டு செய்து பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. பைண்டிங் செலவு அதிகம். புத்தகம் நூலகத்துக்குப் போகிறது, செலவையும் நூலகமே செய்துகொள்ளட்டும் என்று ரிட்சி இருந்துவிட்டாராம். அவருடன் படித்தவர்கள் சொன்ன செய்தி இது. டாக்டர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் தவம் கிடப்பவர்கள் இதைக் கேட்டால் வயிறு எரிவார்கள்.

கட்டுரை எங்கோ போயிற்று. அவரும் அதைத் தேடவில்லை.

மூன்று வாரத்தில் ஒரு சாதனை

1967-ல், தந்தை வேலை பார்த்த அதே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிட்சி சேர்ந்தார். சாந்த குணம். அதிகம் பேசமாட்டார். பிற்காலத்தில் நீண்ட தாடியும் வளர்ந்துவிட்டது. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்குத்தான் இவர் ஆபீசுக்கு வருவார். இரவு வெகு நேரம் வரை வேலை நடக்கும்.

அப்போது பெல் ஆராய்ச்சிக்கூடமும் வேறு இரண்டு பெரிய ஸ்தாபனங்களும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற மாபெரும் திட்டத்தில் இறங்கியிருந்தன. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி செய்வது அதன் நோக்கம். பணம் தண்ணீராகச் செலவழிந்தது. பலன் வரவில்லை. 1969-ல் பெல் ஆராய்ச்சிக்கூடம் கையைக் கழுவிவிட்டது.

தாம்சனும் ரிட்சியும் மனம் விடவில்லை. யாரும் அதிகம் தொடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பி.டி.பி.-7 என்பது, அங்கே கிடந்தது. அந்தக் கோடையில் தாம்சனின் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமனார் மாமியாரைப் பார்க்க ஊருக்குப் போனார். மனைவி ஊருக்குப் போனால் நம் வீட்டு ஆண்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. தாம்சன் அந்த மூன்று வாரத்தில், கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் அடிப்படை ஏற்பாட்டின் முதல் உருவத்தை எழுதி முடித்தார். ரிட்சி முதலிலிருந்தே யோசனையில் கூட இருந்தவர். பிறகு முழுமூச்சாக இறங்கினார்.

அதுதான் யூனிக்ஸ்.

1970-ல் பி.டி.பி.-11 என்ற புதிய கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டார்கள். சும்மா கேட்டால் கிடைக்காது. எனவே பேடன்ட் விண்ணப்பங்களை டைப் அடித்துத் தர உதவும் என்று காரணம் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்தது. இன்று பள்ளிப் பிள்ளை கையில் வைத்திருக்கும் செல்போனின் ஞாபகசக்தியில் லட்சத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது.

தாயும் பிள்ளையும்

யூனிக்சில் ஓடுகிற வேலை ஒவ்வொன்றுக்கும் பிராசஸ் என்று பெயர். ஒவ்வொரு பிராசசுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயும் உண்டு. நம்பர் போலவே தாயின் நம்பரும் கணக்கில் இருக்கும்.

ஆரம்பத்தில் இந்தத் தாய், பிள்ளை ஏற்பாடு கிடையாது. ஷெல் என்ற ஒரு பிராசஸ், டைப் அடிப்பவரின் உத்தரவுக்குக் காத்திருக்கும். உத்தரவு வந்ததும் தன்னையே அழித்துக்கொண்டு அந்த இடத்தில் வேலையை உட்கார வைக்கும். வேலை முடிந்ததும் ஷெல்லை மறுபடி கொண்டுவர வேண்டும்.

இதை மாற்றினார்கள். வாழைமரம் பக்கக் கன்று விடுகிறதல்லவா? அதுபோல ஒரு பிராசஸ் தன்னைப் போலவே ஒரு கன்று விட வழி செய்தார்கள். தாய் ஷெல் அப்படியே நிற்கும். கன்று போய் வேலையைச் செய்யும். முடிந்ததும் தாயிடம் தகவல் சொல்லிவிட்டு மறையும். இந்த மகத்தான மாறுதலுக்குத் தேவைப்பட்டது 27 வரிகள்தான் என்று ரிட்சி பிற்காலத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

உடனே ஒரு கோளாறு முளைத்தது. கம்ப்யூட்டரில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்கு ஓர் உத்தரவு உண்டு. நேற்று வரை நன்றாக நடந்த அந்த உத்தரவு திடீரென்று வேலை செய்யவில்லை! மூளையைக் குழப்பிக்கொண்டார்கள். எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார்கள். கடைசியில் விஷயம் புரிந்தது. பிள்ளை சொன்னபடி அடுத்த அறைக்குப் போகிறது. போன கையோடு ஆயுள் முடிந்து மறைந்துவிடுகிறது. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்! அந்த ஒரு காரியத்தை மட்டும் பிள்ளையை ஏவாமல் தாயே செய்ய வேண்டும் என்று மாற்றினார்கள். சரியாயிற்று.

டெலிபோன் அறுந்தால்

அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குத் திரை கிடையாது. டெலிபிரின்டர் என்ற தட்டச்சு யந்திரம்தான். தூரத்தில் உள்ளவர்கள் டெலிபோன் கம்பி வழியாக அதை இணைத்துக்கொள்வார்கள். டிரங்க் கால் பேசியவர்களுக்குத் தெரியும், கம்பி எந்த நேரத்தில் அறுந்து போகும் என்று சொல்ல முடியாது.

கம்பி அறுந்ததும் யூனிக்ஸ், அந்த டெலிபிரின்டரைச் சேர்ந்த பிராசஸ்களுக்கு ஒரு சேதி அனுப்பும். போனை வைத்துவிட்டார்கள் என்பது சேதி. சேதிகளின் பட்டியலில் அதற்கு நம்பர் 1. சேதி கிடைத்ததும் சாதாரணப் பிராசஸ் தன் வேலையை நிறுத்தி மறைந்துவிடும். கட்டுரை எழுத உதவும் புத்திசாலி பிராசஸ், எழுதியவரை பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மறையும்.

ஆனால் எல்லாம் மறைவதில்லை. விடிய விடியக் கணக்குப் போட வேண்டிய வேலை இருக்கிறது. கம்பி அறுந்தாலும் அது நிற்கக்கூடாது. அதற்காக நோ-ஹப் என்ற காப்பு 1973-ல் யூனிக்சில் சேர்ந்தது. அதைக் கட்டிவிட்டால், போனை வைத்த சேதி அந்தப் பிராசஸின் காதில் விழாது.

இன்னொரு வகை உண்டு. அதுதான் தொல்லை பிடித்தது. அரைகுறையாக எழுதப்பட்ட பிராசஸ், சேதியைக் கவனிக்காமல் விட்டுவிடும். எதிரே ஆள் இல்லாத சாவிப்பலகையை, அடுத்த எழுத்து என்ன, அடுத்த எழுத்து என்ன என்று நொடிக்கு ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வரின் சக்தியெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஒன்றாம் நம்பர்

தாய் ஷெல் செத்துவிட்டது. பிள்ளை உயிரோடு ஓடுகிறது. கணக்கில் தாயின் நம்பர் என்று எதை எழுதுவது?

யூனிக்சில் ஒன்றாம் நம்பர் பிராசஸ் ஒன்று உண்டு. இனிட் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் பிறப்பது அது. எல்லோருக்கும் மூத்தது. கம்ப்யூட்டரை அணைக்கும் வரை சாகாது. தாயை இழந்த பிள்ளை எதுவானாலும் அந்தக் கணமே ஒன்றாம் நம்பரின் பிள்ளையாகிவிடும்! மனுப் போட வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கூட்டுக் குடும்பத்தில் தாயை இழந்த குழந்தையை மறு பேச்சில்லாமல் பெரியம்மா தூக்கிக்கொள்வதுபோல.

இதில் இன்னொரு சங்கதியும் அடங்கியிருக்கிறது. ஒரு பிராசஸ் முடிந்தாலும் அதன் பெயர் உடனே பதிவேட்டிலிருந்து நீங்காது. தாய் வந்து, என் பிள்ளை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை வெறும் பெயராகப் பதிவேட்டில் நிற்கும். இதற்கு நடைப்பிணம் என்ற பொருள் தரும் ஜோம்பி என்று பெயர். பொறுப்பற்ற தாய் என்றால் நடைப்பிணங்கள் குவியும். அந்தத் தாயும் மறைந்தால் ஒன்றாம் நம்பர் வந்து, மிச்சமிருக்கிற கடைசிக் காரியங்களை முடித்துப் பெயர்களை நீக்கும்.

எதைக் கொல்வது? எதை விடுவது?

கம்பி அறுந்து மறுபடி சேர்ந்த பிறகு சர்வரைத் துப்புரவு செய்வது ஒரு கலை. அதில்தான் விபத்தும் நடக்கிறது.

பி.எஸ். என்ற உத்தரவைக் கொண்டு பதிவேடு முழுவதையும் திரையில் பார்க்கலாம். யாருடைய வேலை, அதன் நம்பர், தாயின் நம்பர், எந்தத் திரையிலிருந்து தொடங்கியது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் உழைத்தது, எல்லாம் இருக்கும். தாயின் நம்பர் 1 என்று இருந்தால் அனாதையாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நிச்சயம் இல்லை. சர்வரின் நிரந்தரக் காவலாளிகளுக்கும் தாய் ஒன்றாம் நம்பர்தான். நோ-ஹப் காப்புக் கட்டிய பிள்ளைக்கும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு மாதச் சம்பளக் கணக்குப் போடும் வேலை நள்ளிரவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்ய வந்தவர், தாய் இல்லை என்று பார்த்து அதை வெட்டிப் போட்டால்? ஒன்றாந் தேதி ஆயிரம் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்!

எனவே விவரம் தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். முதலில் சொந்தக்காரரைக் கேட்பார்கள். பிறகு, உழைப்பு நேரம் வீணாக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஒழிக்க வேண்டியதுதான் என்று தெரிந்தால் 15-ம் நம்பர் சேதி அனுப்புவார்கள். மூட்டை கட்டிக்கொள் என்பது அதன் பொருள். எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேற அது அவகாசம் கொடுக்கும். அதற்கும் மசியாவிட்டால்தான் 9-ம் நம்பர். அது வெட்டரிவாள். தடுக்க முடியாது, கடைசி வார்த்தை பேசவும் விடாது. எடுத்த எடுப்பில் ஒன்பதை வீசுபவர்கள் உண்டு. அவர்களிடம் சர்வரை ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

நடைப்பிணத்தின் மேல் ஒன்பதை வீசியும் பயன் இல்லை. செத்ததை மறுபடி எப்படிக் கொல்வது? தாயைத்தான் விசாரிக்க வேண்டும்.

இப்போது டெலிபோனுக்குப் பதில் இன்டர்நெட் வந்துவிட்டது. அதில் ஒரு சங்கடம். நடுவழியில் கம்பி அறுந்தால் சர்வருக்கு உடனே தெரியாது. லினக்ஸ் சர்வரில் வழக்கமான ஏற்பாட்டின்படி, இரண்டு மணி நேரம் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்த பிறகுதான், எதிரே ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்கவே தொடங்கும். அடிக்கடி விசாரிக்கும்படி மாற்றி வைக்கலாம். இன்னும் நல்ல வழி, 1987-ல் வந்த ஸ்கிரீன், 2007-ல் வந்த டி-மக்ஸ் போன்ற ஏற்பாடுகள். அவை தாயையே சர்வரில் குடிவைத்துவிடும். வீட்டில் கம்பி அறுந்தாலும் தாய் சாகமாட்டாள். மின்சாரம் வந்ததும் மீண்டும் போய், விட்ட இடத்தில் தொடரலாம்.

2016-ல் லினக்சில் ஒரு சீர்திருத்தம் வந்தது. ஒருவர் வெளியேறியதும் அவர் விட்டுச் சென்ற பிள்ளைகள் அனைத்தையும் ஒழித்துவிடுவது என்று விதி செய்தார்கள். துப்புரவுக்கு எளிய வழிதான். ஆனால் வேண்டுமென்றே விட்டுச் சென்ற பிள்ளைகளும் மாண்டன. பெரிய கூக்குரல் எழுந்தது. லினக்ஸ் வெளியிடுவோர் பலர் அந்த விதியை அணைத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓரெழுத்து மொழி

ரிட்சியின் பெயரை நிலைநாட்டிய இன்னொரு காரியம் சி என்ற ஓரெழுத்துப் பெயர் கொண்ட கம்ப்யூட்டர் மொழி. தாம்சன் செய்த பி என்ற மொழியை வளர்த்து 1972-ல் இதை உருவாக்கினார். 1973-ல் யூனிக்சையே அந்த மொழியில் திருப்பி எழுதினார்கள். அதற்கு முன் ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய யூனிக்ஸ் இன்னொன்றுக்கு உதவாது. சி மொழி வந்த பிறகு யூனிக்ஸ் வீடு விட்டு வீடு மாறும் வல்லமை பெற்றது.

1978-ல் பிரையன் கெர்னிகன் என்பவருடன் சேர்ந்து ரிட்சி எழுதிய சி மொழிப் புத்தகம், தமிழ்நாட்டு என்ஜினீயரிங் மாணவர்களுக்கும் பழக்கமானது. 1983-ல் தாம்சனுக்கும் அவருக்கும், கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு போன்ற டூரிங் விருது கிடைத்தது. 1998-ம் ஆண்டுக்கான அமெரிக்க தேசியப் பதக்கமும் இருவருக்கும் கிடைத்தது. ஜனாதிபதி கிளின்டன் கையால் வாங்கினார்கள்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் வழியைப் பின்பற்றி லினக்ஸ் எழுதினார். தாய், பிள்ளை, ஒன்றாம் நம்பர், எல்லாம் அதிலும் உண்டு. தாம்பரத்துக்குப் பக்கத்தில், அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, 2005-ல் இத்தகைய இலவச மென்பொருளுக்காகத் தேசிய மையம் ஒன்றைத் தொடங்கின. அதன் வழியாக வந்த இந்திய லினக்சுக்கு பாஸ் என்று பெயர். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் பள்ளி மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதிலும் பாஸ் இருந்தது.

தனிமையில் மறைவு

அடுத்த மாதமே ரிட்சி மறைந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 2007-ல் ஓய்வு பெற்று, நியூ ஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊரில் தனியாக வாழ்ந்தார். உடல் நலம் குன்றியிருந்தது. 2011 அக்டோபர் 12-ந் தேதி, வீட்டில் அவர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயது 70.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் காலமாகியிருந்தார். அவருக்காக உலகம் முழுவதும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரிட்சியின் மறைவு பல பத்திரிகைகளில் சிறிய செய்தியாக வந்தது. ஜாப்ஸ் விற்ற போனுக்கு உள்ளேயும் யூனிக்ஸ் வழி வந்த ஏற்பாடுதான் ஓடுகிறது!

அந்தப் பழைய ஆராய்ச்சிக் கட்டுரை?

ஹார்வர்டு நூலகத்தில் அது இல்லை. பிள்ளை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாமல் அரை நூற்றாண்டு கழிந்தது. ரிட்சியின் மறைவுக்குப் பிறகு அவருடைய சகோதரி தேடி ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் சரித்திர மியூசியம் 2020-ல் அதை உலகம் படிக்க வெளியிட்டது. டாக்டர் பட்டம் மட்டும் கடைசி வரை அவர் பெயரோடு சேரவில்லை.